போஸ்ட் அவனிடம், ஹோல்டர் என்னிடம்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு பம்ப் ஷாஃப்டைக் கடைந்து முடிக்க நாற்பத்தொரு நிமிடம். கைக்கடிகாரத்தைக் கழற்றி லேத்தின் தலையில் வைத்துப் பார்த்தேன். அதில் இருபத்திரண்டு நிமிடம் இரும்பு வெட்டுப்படவே இல்லை. டூலை மாற்றுவதிலேயே போனது. இந்த வேலைக்கு ஆறு டூல் வேண்டும். டூலைப் பிடித்து நிறுத்தும் என் சதுர டூல் போஸ்டில் நான்குதான் நிற்கும். இரண்டைக் கழற்று, இரண்டை மாட்டு, நுனி மையத்துக்கு வரும்வரை அடியில் தகடு வை, எடு, மறுபடி வை. ஷாஃப்டைக் கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மையம் ஓடிவிடும்.

முந்நூறு ஷாஃப்ட், இருபத்தெட்டாம் தேதிக்குள். பம்ப் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார், இது சோதனை. சரியாக வந்தால் மாதாமாதம் வேலை. வராவிட்டால் — ஐம்பத்திரண்டு வயதில் யார் வாசலில் போய் நிற்பது?

சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு ஹோல்டர்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு டூலை வைத்து, ஒருமுறை உயரம் பார்த்துப் பூட்டிவிட்டால் போதும். அதற்கான போஸ்டில் நழுவவிட்டு நெம்புகோலை ஒரு தட்டு. பத்து விநாடி. ஆனால் அந்த போஸ்ட் தம்பியிடம் இருக்கிறது.

அப்பாவின் பட்டறையைப் பாகம் பிரித்த அன்று, சாமான்களை ஆளுக்கொன்றாக மாறிமாறி எடுக்கச் சொன்னார் மாமா. அவன் போஸ்டைத் தொட்டான், ஹோல்டர்களும் கூடவே வரும் என்ற நினைப்பில். "ஹோல்டர் தனி உருப்படி" என்றேன். மாமா என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இரண்டு வரியாக எழுதினார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 5, புதன்

போஸ்டை மட்டும் தனியாக வாங்கினால் செலவு பாதி. ஏழாம் எண் ஹோல்டரைப் பையில் போட்டுக்கொண்டு கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கண்ணில் சதா லென்சைச் செருகியிருப்பார். தொழில்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'லென்சு'.

மூன்று போஸ்ட் காட்டினார். முதலாவதில் ஹோல்டர் நுழையவே இல்லை. இரண்டாவதில் நுழைந்து, விழப்போகும் பல்லைப்போல ஆடியது. மூன்றாவது கச்சிதம். அதன் விலைக்கு என் லேத்தில் பாதியை வாங்கலாம்.

லென்சு ஹோல்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் ஒருத்தர் போஸ்டைப் பையில தூக்கிட்டு வந்து, இதுக்கு ஹோல்டர் இருக்கான்னு கேட்டாரு. அவருக்கும் உங்க மூக்கேதான் சார்."

உலகத்தில் மூக்குக்கா பஞ்சம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

எட்டு ஷாஃப்ட். இரண்டு குப்பைக்கு.

மார்ச் 8, சனி

எங்கள் வீட்டுக்காரியும் தம்பி வீட்டுக்காரியும் தினமும் போனில் பேசுகிறார்கள். பாகம் பிரித்தது எங்களுக்குத்தானாம், அவர்களுக்கு இல்லையாம். கடைக்காரர் சொன்ன கதை எனக்கு முன்பே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஒரு ஜோடி செருப்பை ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டு வந்திருக்கீங்க. இப்ப ரெண்டு பேரும் நொண்டிக்கிட்டே கடை கடையா ஏறுங்க."

கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு இறங்கினேன்.

மார்ச் 10, திங்கள்

முடிவெடுத்துவிட்டேன். பழைய ஹோல்டர்கள் சுவரிலேயே தொங்கட்டும். புதிதாக ஒரு போஸ்ட், ஐந்து ஹோல்டர், ஒரே பெட்டியில், கைக்கு எட்டும் விலையில். உள்ளே ஆப்பு இழுத்துப் பிடிக்கும் வகை உறுதியானது, ஆனால் கட்டுப்படியாகாது. நான் வாங்கியது பிஸ்டன் தள்ளிப் பிடிக்கும் வகை. தரத்தில் மட்டம் என்பார்கள். கடையில் வைத்தே டயல் கேஜால் சோதித்தேன். இருபது முறை கழற்றி மாட்டியும் முள் ஒரு கோட்டுக்கு மேல் நகரவில்லை. என் வேலைக்கு இது தாராளம்.

உயரத்தையும் பார்த்துத்தான் வாங்கினேன். லேத்தோடு வந்த புத்தகத்தில், போஸ்ட் உட்காரும் மேல்தட்டிலிருந்து ஷாஃப்ட் சுழலும் மையம் வரை முப்பது மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. புது ஹோல்டரில் டூலின் நுனி இருபத்தெட்டு வரை இறங்கும். இரண்டு மிச்சம். இருபத்திரண்டு வருடம் வரைபடப் பிரிவில் இருந்தவன் நான். என் வரைபடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மேலாளர்கூட, அளவில் தப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மார்ச் 13, வியாழன்

போஸ்டை மேல்தட்டில் இறுக்கும் டி-நட்டை முழுக்கட்டியாகத் தருகிறார்கள். அவரவர் லேத்தின் பள்ளத்துக்கு நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். அரை நாள் ஆனது. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. நாளைக் காலை போஸ்டை ஏற்றுகிறேன். அப்புறம் தம்பி பார்க்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

உட்காரவில்லை. ஹோல்டர் அடிமட்டம் வரை இறங்கியும் நுனி மையத்துக்கு மேலே நிற்கிறது. இரண்டு மில்லி. முழுசா ரெண்டு மில்லி!

அளந்தேன். மேல்தட்டிலிருந்து மையம் வரை முப்பது இல்லை, இருபத்தாறு. நாலு மில்லி எங்க போச்சு? புத்தகம் பொய் சொல்லுமா? இத்தனை மாதம் தகடு வைத்தவன் ஒரு நாளாவது அளந்து பார்த்திருக்க வேண்டாமா? நுனி மையத்துக்கு வந்தால் போதும் என்று கண்ணால் பார்த்தே வைத்திருக்கிறேன். படிச்சவனாம் படிச்சவன்.

மார்ச் 15, சனி

மெல்லிய டூல் போட்டால் நுனி இறங்குகிறது, ஆனால் அதிர்கிறது. ஷாஃப்ட் முழுக்க மீன்செதில்போலத் தடம். அதையும் கழற்றி எறிந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். லென்சு டி-நட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். உங்கள் லேத்துக்கு வெட்டியாகிவிட்டதே, இனி யார் தலையில் கட்டுவது என்றார். பிறகு லென்சைக் கழற்றினார். அது அபூர்வம். "கொஞ்சம் உயரமான லேத்துக்கு இது அம்சமா உட்காரும் சார். அது யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்லணுமா?"

மார்ச் 16, ஞாயிறு

பெரிய லேத்தைத் தம்பிக்கு என்று முடிவு செய்தபோது அப்பா சொன்னார்: "நீ படிச்சவன். எங்க போனாலும் பிழைச்சுக்குவ." நான் வேலைக்குப் போன கம்பெனியை இழுத்து மூடியபோது, அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கேட்க அப்பா இல்லை. தம்பி இருந்தான், பெரிய லேத்தோடு. ஒருநாளும் அவன் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வாங்கிக்கொண்டவனுக்கு என்ன பேச்சு?

மாடிக்கும் பட்டறைக்குமாக நாளெல்லாம் நடந்தேன். இதுவரை எழுபது ஷாஃப்ட். பாக்கி இருநூற்று முப்பது.

அவனிடம் கேட்கப் போவதில்லை. விற்கப் போகிறேன். கேட்பது வேறு, விற்பது வேறு.

மார்ச் 18, செவ்வாய்

போனேன். பெட்டி ஒரு கையில், லேத்தின் புத்தகம் மறு கையில். அதை ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

அவன் லேத்தை நிறுத்தவில்லை. ஓடுகிற வேலை முடியும்வரை நின்றேன். தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் போனில் வந்திருக்கும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஹோல்டரை எடுத்து, திருகைச் சுற்றிப் பார்த்தான்.

"புக்கைப் பார்த்து வாங்குனீங்களா?"

ஆமாம் என்றேன்.

"உங்க லேத்துல இருக்கறது அதோட சொந்த மேல்தட்டு இல்ல அண்ணே. பழசு விரிசல் விட்டுடுச்சு. அப்பா வேற மெஷின்ல இருந்து ஒண்ணு வாங்கி மாட்டினாரு. நாலு மில்லி தடிமன் கூட. நீங்க அப்ப ஹாஸ்டல்ல."

நீயும் இருந்தாயா என்று கேட்டேன்.

"அவரால ஒத்தையாளா தூக்க முடியாதே. அன்னைக்குத்தான் எனக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை."

"எழுதினியா?"

"எங்க எழுத? சாயங்காலம்தான் மாட்டி முடிச்சோம்." சிரித்தான், ஒரு வேடிக்கையைச் சொல்வதுபோல. "இனிமே நீ எங்கடா படிக்கப் போறன்னு அப்பா பட்டறைச் சாவியைக் கையில குடுத்துட்டாரு. உங்களுக்குச் சொல்ல வேணாம்னாரு, படிக்கிற புள்ள மனசு கெடும்னு."

பெஞ்சுக்கு அடியிலிருந்து பழைய போஸ்டை எடுத்தான். துணி சுற்றி, எண்ணெய் பூசி, நெம்புகோலைத் தனியே கட்டி வைத்திருந்தான். அவன் லேத்துக்கு அது சின்னது, ஹோல்டர் கிடைத்திருந்தாலும் ஒப்பேற்றித்தான் ஓட்ட முடியும். தெரிந்தேதான் எடுத்தானா? என்னைப்போல அவனும் வீம்புக்கா?

பழைய போஸ்ட் எனக்கு, புதுப் பெட்டி அவனுக்கு என்று மாற்றிக்கொண்டோம். இது இலவசம் இல்லை, மாற்று என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். "சரிங்க அண்ணே" என்றான்.

மார்ச் 19, புதன்

ஒரு ஷாஃப்டுக்கு இருபது நிமிடம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்றும் வேலைதான். கை ஓடுகிறது, மனம் நிற்க மாட்டேன் என்கிறது. ஹோல்டர்களில் எண் குத்தியது தம்பி. ஐந்தாம் எண் சற்றுச் சாய்ந்திருக்கும். அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். நான் ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வான். படிப்பில் ஆசையில்லாமல்தான் நின்றுவிட்டான் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே நினைத்தது.

அப்பாவின் மேல் கோபம் குறையவில்லை. இப்போது அது எனக்காக மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

முந்நூறும் ஒப்படைத்தேன். மூன்றைத் திருப்பிவிட்டார்கள், நியாயமான காரணம். அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார் அதிகாரி. இதைவிட இருமடங்கு நீளமான ஷாஃப்டும் செய்வீர்களா என்றார். என் லேத்தில் அந்த நீளம் கொள்ளாது, தம்பியுடையதில் கொள்ளும். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

புது போஸ்டின் டி-நட் என் லேத்துக்கு வெட்டியது. அவன் பள்ளத்தில் ஆடுகிறதாம், வீட்டுக்காரி சொன்னாள். புதிதாக ஒன்று வெட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினேன். அவன் லேத்தின் புத்தகமும் என் அலமாரியில்தான் இருக்கிறது. பள்ளத்தின் அகலம் பதினெட்டு என்று போட்டிருக்கிறது. மூடிவிட்டு, காலிப்பரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் விளக்கைப் பிடித்தான். நான் குனிந்து அளந்தேன்.

"புக்ல எவ்வளவு அண்ணே?"

"பதினெட்டு."

"இதுல?"

"பதினெட்டரை."

அவன் கையிலிருந்த விளக்கு சிரிப்பில் ஆடியது. நேராகப் பிடிடா என்றேன்.

மறுபடியும் அளந்தேன். ஒரு முறையே போதும்தான்.