சொல்லாத வரி

9.3.2003, ஞாயிறு

எங்கள் ராப் குழுவுக்கு இன்று செம்மேட்டில் முதல் மேடை. பாட்டு முழுக்க நான் எழுதியது. மேடை ஏறப்போன என்னை, குழுவில் என்னோடு இருக்கும் பிரபு படியிலேயே தடுத்தான்.

“பொட்டப்புள்ள ராப் பாடுனா சிரிப்பாங்க கண்ணு. நீ கீழயே நில்லு.”

பிறகு மைக்கில், “பாட்டு நானே எழுதுனதுங்க” என்றான்.

மூன்றாவது சரணத்தில் அவனுக்கு வரி மறந்துபோனது. முன்வரிசையில் நின்ற என்னைப் பார்த்து, “மலரு, அடுத்தது என்ன?” என்று உதட்டை மட்டும் அசைத்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தேன். கூட்டம் ஊளையிட்டது. பாதியில் இறங்கி ஓடினான்.

ஊளை வாங்கியது என் பாட்டும்தான். அது மட்டும் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் நாளை அவன் என் காலில் விழுந்து கேட்டாலும் அந்த வரியைச் சொல்ல மாட்டேன்.