நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு டின் முறுக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் பெர்னிசுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தம்பி கேவினும் நல்ல சுகம், அங்கே காக்ஸ் பஜார் அகதி முகாமில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம்.

இந்தப் பார்சலில் முறுக்கு இரண்டு டின், ஒன்று உனக்கு, ஒன்று உன் பாஸுக்கு. போன கிறிஸ்துமஸுக்கு மிஸ்டர் பீட்டர் என்று டின்மேல் எழுதி அனுப்பினேன், பார்சல் போய்ச் சேருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டார். ஈஸ்டருக்கு மேடம் கிளாரா என்று எழுதினேன், அந்த அம்மாள் வேறு நாட்டுக்குப் பறந்துவிட்டாள். அதனால் இந்த முறை பெயரே போடவில்லை, அன்றைக்கு நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கு என்று எழுதிவிட்டேன். அவ ஆபிஸ்ல பாஸைவிட நம்ம முறுக்குதான் ரொம்ப நாள் தாங்குது லா என்று அப்பா சிரிக்கிறார். அகதிகளுக்கு உதவ வந்தவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்று ஆராய ஓர் அதிகாரியைப் போட்டு, அவரும் பாதியில் போய்விட்டார் என்றாயே, அதைக் கேட்டு நம் சர்ச் சாண்ட்ரா ஆன்டிக்குப் புரையேறிவிட்டது. போகிறவர்களுக்குக் கேக் வெட்டுகிறார்கள், இருக்கிற உனக்கு அவர்கள் போட்டுவிட்டுப் போன வேலை. கேவின் கல்யாணத்துக்கு லீவு கேட்டாய், பீட்டர் சரி என்றார், போனார். கிளாரா சரி என்றாள், போனாள். இப்போது வந்தவர் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆளும் இல்லை, லீவும் இல்லை என்கிறாராம். நல்ல நியாயம்.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முகாமில் அந்த நூர்ஜஹான், புதிதாக வருகிற ஒவ்வோர் அதிகாரியும் அவள் பிள்ளையைத் தொலைத்த கதையை முதலிலிருந்து கேட்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள், உன்னிடம் மட்டும் பேசுகிறாள் என்றாயே, அது மனத்தை விட்டுப் போகவில்லை. எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. விட்டுவிட வேண்டாம், பத்து நாள் வந்துவிட்டுப் போ. திரும்பி வருவேன் என்று அவளிடம் நீயே சொல்லிவிட்டுப் புறப்படு, மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

நேற்று கிள்ளான் கல்யாண மண்டபத்தில் யார் எந்த மேசை என்று பார்க்கும்போது, அக்கா வரமாட்டாதானே, அந்த இடத்துல பக்கத்து வீட்டு மலர்விழிய உட்கார வைக்கட்டுமா என்று கேவின் கேட்டான். வேண்டாம், நீ வராவிட்டால் காலியாகவே கிடக்கட்டும் என்றேன். அது உன் ஆபிஸ் நாற்காலி இல்லை.

மாதா உன்னைக் கண்போல் காப்பாள். கொசுவலை கட்டாமல் படுக்காதே.

முப்பது வருஷமாக இதே வேலையில் இருக்கும்
உன் அம்மா,
பெர்னடெட்