முகத்தைத் திருப்பாத எலும்பு மீன்

செப்டம்பர் 18, 1990, செவ்வாய்

இன்று எனக்கு ஓர் எதிரி கிடைத்தது. எனக்கே எனக்கென்று.

இந்த கேம் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நான் வரைந்ததெல்லாம் செங்கல், மேகம், ஏணி, மறுபடியும் செங்கல். காலையில் குழுத் தலைவர் ததேயிஷி-சான் என் மேஜையருகே வந்து நின்றார். "மியாசாகா, இனோகிச்சி மூணாம் பாகத்துல மூழ்கின கப்பல் ஒண்ணு வருதுல்ல? உள்ள சுத்துறதுக்கு ஒரு எதிரி வேணும். நீ வரைஞ்சு குடு" என்றார். டீ வேண்டுமா என்று கேட்பதைப் போலக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். இனோகிச்சி என்றால் எங்கள் கதாநாயகன், காட்டுப்பன்றிக் குட்டி. கியோத்தோவில் அவன் படம் போட்ட பென்சில்பெட்டி இல்லாத பள்ளிக்கூடம் கிடையாது. அந்த இனோகிச்சியைக் கொல்ல நான் ஒருவனை அனுப்பப் போகிறேன்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். வெளியே வந்தால் என் குழுவில் படம் வரையும் தமாயே-சான் கை கழுவிக்கொண்டிருந்தார். "என்னடி, உள்ள பூகம்பமா?" என்றார்.

செப்டம்பர் 20

மீன் வரைந்தேன். எல்லாமே மீன் மாதிரி இருக்கின்றன. அதுதான் பிரச்சினை.

செப்டம்பர் 25, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். கேன்டீனில்.

இலையுதிர்காலம் வந்துவிட்டதால் மதியம் சுட்ட சன்மா மீன், பக்கத்தில் துருவிய முள்ளங்கி. கிசோ மலையில் பிறந்தவளுக்குக் கடல் மீனைச் சாப்பிடத் தெரியாது. நான் சாப்பிட்டு முடித்த தட்டைப் பார்த்தால் பூனை புகுந்த இடம் மாதிரி இருக்கும். எதிரே புரோகிராம் எழுதும் ஓசெகி உட்கார்ந்திருந்தான். ஒபாமா என்ற கடலோர ஊரில் அவன் வீட்டார் தங்கும் விடுதி நடத்துகிறார்கள். ஆள் அதிகம் பேச மாட்டான். அவன் தட்டைப் பார்த்தேன், பார்த்தபடியே இருந்துவிட்டேன். எல்லா வீட்டிலும் பரிமாறுவதைப் போல இடது பக்கம் தலை, வலது பக்கம் வால், நடுவில் சீப்புப் பல் மாதிரி முள். ஒட்டுச் சதைகூட இல்லை. ஒரு முள்கூட உடையவில்லை. இப்போது தட்டினால் எழுந்து நீந்திவிடும் போலிருந்தது.

"ஓசெகி-சான், அதைச் சாப்பிட்டு முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன். ஏன், இன்னும் பசிக்குதா?"

"எலும்பு வேணும்."

தன் தட்டைப் பார்த்தான். "தலையோடயா?"

தலையோடுதான். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. காகிதக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கைகளாலும் கொடுத்தான், விசிட்டிங் கார்டு கொடுப்பதைப் போல.

செப்டம்பர் 27

எலும்பை மேஜை இழுப்பறையில் வைத்தது தப்பு. மாடி முழுக்க நாற்றம். தமாயே-சான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, "காதல் பரிசுன்னா பூ வாங்கிக்கணும்டி" என்றார். காதலெல்லாம் ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது எலும்பு மட்டும்தான்.

அக்டோபர் 3, புதன்

நீந்திவிட்டது!

குறுக்கே பதினாறு கட்டம், நெடுக்கே பதினாறு கட்டம். அதற்குள் ஒரு மீனின் சாவையே அடக்க வேண்டும். பல் வைத்தால் கண்ணுக்கு இடமில்லை, கண் வைத்தால் பல்லுக்கு இடமில்லை. கடைசியில் கண் இருந்த இடத்தை வெறும் ஓட்டையாக விட்டேன். அந்த ஓட்டைதான் முறைக்கிறது. வாலுக்கு இரண்டு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. ஓசெகி அதை மெஷினில் ஏற்றினான். திரையின் வலது ஓரத்திலிருந்து தலையை நீட்டி, வாலை ஆட்டிக்கொண்டு, சாவகாசமாக இடது பக்கம் போனது. நான் ஓசெகியின் முதுகில் ஓங்கி அடித்துவிட்டேன். பாவம், மூக்குக் கண்ணாடி கீபோர்டில் விழுந்தது.

நாடு முழுக்கக் குழந்தைகள் என் மீனைத் திட்ட வேண்டும். வேறென்ன வேண்டும் எனக்கு?

அக்டோபர் 12, வெள்ளி

ததேயிஷி-சான் மீனைப் பார்த்தார். "செத்த மீன் ஒண்ணு வருது, போகுது. அவ்வளவுதானே? பயமும் இல்ல, சிரிப்பும் வரல" என்றார்.

கேமைப் பதியும் கேசட்டில் இடம் இல்லையாம். கப்பலுக்குள் இரண்டு எதிரிகளுக்கு இடமில்லை, ஒன்றுதான் இருக்கலாம். ஒன்று என் மீன், இன்னொன்று தமாயே-சானின் ஜெல்லிமீன். அது மினுக்மினுக்கென்று ஒளிரும், பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ஆடிப் பார்த்து முடிவு செய்வாராம்.

வருது போகுதுன்னா என்ன அர்த்தம்? மீன் வேற என்ன பண்ணும்? குட்டிக்கரணம் அடிக்குமா? — எனக்குத் தெரியும், அவர் சொல்றது சரி. அதான் இன்னும் எரியுது. மறுபடியும் செங்கல்தான் வரையப் போறேன். சாகற வரைக்கும் செங்கல்.

அக்டோபர் 15, திங்கள்

அழுது முடித்தேன். இனி வேலை.

ஓசெகியிடம் கேட்டேன், இதைக் கொஞ்சம் கெட்டவனாக்க முடியுமா என்று. இரண்டு வாய் சோறு மென்ற பிறகு, "போனது திரும்பி வந்தா?" என்றான்.

மீன் இனோகிச்சியைத் தாண்டி இடது பக்கம் போய் மறைய வேண்டும். விளையாடுகிறவர் அப்பாடா என்று நடக்கும்போது பின்னாலிருந்து வந்து கடிக்க வேண்டும். புதுப் படம் எதுவும் வேண்டாம், இருப்பதை வைத்தே செய்யலாம், கேசட்டில் இடமும் பிடிக்காது. இதை ஓசெகி சொன்னதும் அவன் முதுகைத் தேடினேன். அவன் முன்கூட்டியே கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

அக்டோபர் 17

திரும்பி வருகிறது. அவனும் நானும் மாறி மாறி ஆடிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அழகு.

அக்டோபர் 19, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

எல்லோரும் பின்னால் கூடி நின்றோம். ததேயிஷி-சான் கப்பலுக்குள் இறங்கினார். என் மீன் வந்தது, அவர் தலைக்கு மேலே போனது, மறைந்தது. "மறுபடியும் அதே கதைதானே" என்றபடி அவர் முன்னேறினார். பின்னாலிருந்து மீன் வந்தது. அவர் அதைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். ஆனால் தப்பிக்கவில்லை. கடி வாங்கி இனோகிச்சி செத்தான்.

மறுபடி ஆடினார். மறுபடியும் செத்தான்.

"இருங்க" என்று கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். "இந்த மீன் ஏன் பின்பக்கமா நீந்துது?"

யாருக்கும் புரியவில்லை. அவர் எழுந்து திரையில் விரல் வைத்துக் காட்டினார். மீன் வலது பக்கம் நோக்கி வருகிறது, தலையோ இடது பக்கம் இருக்கிறது. முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, வாலை முன்னால் விட்டு வருகிறது. பார்க்கிறவருக்கு அது போய்க்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். அதனால்தான் அவர் தப்பிக்கவில்லை.

திரும்பி வரும்போது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதைப் போலப் புரட்ட வேண்டும். புரோகிராமில் ஒரே ஒரு வரி. ஓசெகி எழுத மறந்திருக்கிறான். அது சரி, நான்? நானும்தானே ஆடினேன், ஒரு தரம்கூடக் கண்ணில் படவில்லையே.

ஓசெகியின் காது சிவந்துவிட்டது. "தப்பு என்னோடது. ஆனா பார்க்கறப்போ சரியாத்தான் இருந்துச்சு. மீன்னா தலை இடது பக்கம்தானே இருக்கும்" என்றான்.

"தட்டுலடா" என்றார் ததேயிஷி-சான்.

"ஆமா, தட்டுல. வலது பக்கம் தலை வச்சுப் பரிமாறினா எங்க அம்மா கையிலயே போடுவாங்க."

எல்லோரும் திரையைப் பார்த்தோம், வீட்டில் தினமும் தட்டில் பார்க்கும் அதே மீன், பிறந்தது முதல் நாங்கள் பார்ப்பது அப்படித்தான். அதனால்தான் ஒருவருக்கும் உறுத்தவில்லை. முதலில் தமாயே-சான் சிரித்தார். அப்புறம் ததேயிஷி-சான். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிக்கும்போது இருமல் வரும் போலிருக்கிறது, யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"இன்னிக்கே திருத்திடறேன்" என்றான் ஓசெகி.

"திருத்தினா உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவேன்" என்றார் அவர்.

மீன் பிழைத்தது. என் மீன் பிழைத்தது. வரும் வழியில் காமோ நதிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கண்டபடி பாடினேன். ஒரு நாய் குரைத்தது. அதற்கும் வணக்கம் சொன்னேன்.

அக்டோபர் 22, திங்கள்

ஜெல்லிமீனை இன்று கேசட்டிலிருந்து எடுத்தார்கள். சனி, ஞாயிறு முழுக்கச் சந்தோஷத்தில் மிதந்தவளுக்கு இது நினைவிலேயே இல்லை. தமாயே-சான் வரைந்த தாள்களை மடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனவள், ஒரு தாளை எடுத்து நானும் மடித்தேன்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே? என்னோடது அழகா இருந்துச்சு. உன்னோடது சனியன் மாதிரி இருக்கு. குழந்தைங்க எதைத் திட்டும்? மதியம் ஊடோன் நூடுல்ஸ் வாங்கிக் குடு, மேல பொரிச்ச இறாலோட" என்றார்.

இரண்டு இறால் வாங்கிக் கொடுத்தேன். அவர் பாதியில் மூக்கைச் சிந்தினார். மிளகாய்த்தூள் கூடிவிட்டதாம்.

டிசம்பர் 7

கேம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. இப்போது போய்ச் சந்தேகம் வருகிறது. சிரித்ததெல்லாம் பெரியவர்கள், அதுவும் எங்கள் அறையில் இருந்தவர்கள். குழந்தைகளுக்கு அது வெறும் தப்பாகத் தெரிந்தால்?

மார்ச் 21, 1991, வியாழன்

கேம் இன்று கடைக்கு வந்தது. விடுமுறை நாள். நான் மட்டும் தனியாக ஷிஜோ கடைத்தெருவில் உள்ள பெரிய கடையின் பொம்மை மாடிக்குப் போனேன். ஆடிப் பார்க்க ஒரு டிவி வைத்திருந்தார்கள். கரடி பொம்மைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வாங்க வந்தவள் மாதிரி ஒரு கரடியைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

பையன்கள் சிலர் வந்தார்கள், கப்பலை எட்டும் முன்பே செத்துப் போனார்கள். பிறகு எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. முன்பக்கம் ஒரு பல் இல்லை. பேசாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு, கடகடவென்று போய்க் கப்பலுக்குள் இறங்கிவிட்டாள். என் இதயம் அடித்த அடியில் கரடி நசுங்கியிருக்கும்.

மீன் வந்தது. தலைக்கு மேலே போனது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்து, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, வந்தது. செத்தாள்.

அவள் கத்தவில்லை. திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, பிடிக்கவில்லை, தப்பு என்று நினைத்துவிட்டாள்.

அவள் திரும்பினாள். பின்னால் அவள் அப்பா, இரண்டு கையிலும் பைகளோடு நின்றிருந்தார். பைகளை வாங்கித் தரையில் வைத்தாள். கண்ட்ரோலரை அவர் கையில் திணித்தாள். முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க ஆடுங்க. இந்த மீன் ஒண்ணும் பண்ணாது" என்றாள்.