ஆட்டத்துக்கு நடுவே ஒரு வணக்கம்

புரூக்ளின், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜாக்மெலில் மழை விட்டதா? உங்கள் இருமல் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். பகலில் வேலை, மாலையில் நடன வகுப்பு நடத்துகிறேன். கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. வகுப்பில் நம் ஊர் யான்வாலூ நடனம் ஆடிக்கொண்டிருந்தோம். முதுகை வளைத்துத் தாழ்ந்தபோது, நாற்பது வருஷமாகச் சொன்னபடி கேட்ட என் வலது முழங்கால் கேட்கவில்லை. மேளத்துக்கு நேர் எதிரே பொத்தென்று விழுந்தேன். ஆட்டம் தொடங்கும்போது மேளத்தை வணங்குவோமே, அதுதான் மறுபடியும் என்று நினைத்து, இருபது பேரும் என் பின்னால் மண்டியிட்டுத் தரையைத் தொட்டார்கள்!

"நடுவுலயும் கும்பிடணுமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, பேசாம கும்பிடு," என்றேன்.

மேளக்காரர் தியேசெலுக்கு மட்டும் புரிந்துவிட்டது. "மெதுவா எழுந்திரு தாயி. நீ எழுந்திரிக்கிற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கேன்," என்று முணுமுணுத்தார். வெகுநேரம் அடித்தார், பாவம்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு ஒடானி இங்கே வரும்போது, நீங்கள் காய்ச்சும் விளக்கெண்ணெய் இரண்டு புட்டி கொடுத்தனுப்புங்கள். தலைக்குத்தான். முடிந்தால் நான்கு. உடையாமல் இருக்க உங்கள் பழைய தலைத்துணியில் சுற்றுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அந்த நடு வணக்கம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்றாம். இன்றைக்கும் நான்தான் முதலில் மண்டியிட வேண்டும்.

உங்கள் மகள்,
ரோஸ்மென்