பறக்கும் மனிதனும் எஸ்தரும்

10-7-95, திங்கள்
தூறல். அவிநாசி – காந்திபுரம் ஐந்து நடை. வெள்ளிக்கிழமை எஸ்தருக்கு எம்.ஃபில். வாய்மொழித் தேர்வு. அன்றைக்கு எனக்கு லீவு சொல்லியாயிற்று.

டிரைவர் கேட்டார்: "ஏனுங்க கண்டக்டரே, உங்கூட்டம்மா சர்ச்சுக்குப் போறவங்க. இஸ்லாமியத் தத்துவத்துல ஆன்மான்னு எதுக்குங்க படிக்கறாங்க?"

"புடிச்சிருக்குதுங்க, படிக்கறாங்க" என்றேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

11-7, செவ்வாய்
எஸ்தர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். செடிக்கு வளர்கிற ஆன்மா. விலங்குக்கு அதோடு உணர்வும் அசைவும். மனிதனுக்கு எல்லாமும், சிந்தனையும். அப்புறம் 'பறக்கும் மனிதன்' என்று ஒரு கற்பனை: ஒருவன் அந்தரத்தில் மிதக்கிறான். கண் மூடியிருக்கிறது. கை கால் எதிலும் படவில்லை. உடம்பு இருப்பதே தெரியாது. ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்று தெரியும். ஆகவே ஆன்மா வேறு, உடம்பு வேறு. இஸ்லாமியத் தத்துவக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சொன்ன வாதமாம்.

"தூங்கறப்ப நான் இருக்கறது எனக்கே தெரியறதில்லையே அம்மணி?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். போய் நோட்டை எடுத்துப் புரட்டினாள். கேட்டிருக்கக் கூடாதோ?

12-7, புதன்
வெயில். நூலகம் போக என் பஸ்ஸிலேயே ஏறினாள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே நேற்றைய கேள்வியைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கறவனுக்கும் தெரியுதுங்க. முழிச்சப்புறம் ஞாபகம் இருக்கறதில்லை, அவ்வளவுதான். தெரியறது வேற, ஞாபகம் வேற. அவங்களே இதுக்குப் பதில் எழுதி வெச்சிருக்காங்க. நான் கவனிக்காம உட்டுப்போட்டேன்."

பக்கத்து சீட்டுப் பெரியவர், "இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றார். சொன்னாள். பாதி பஸ் கேட்டது. இரண்டு பேருக்கு மீதி கொடுக்க மறந்துவிட்டேன்.

14-7, வெள்ளி
தேர்வு முடிந்தது. நான் வராந்தாவில், ஜன்னலோரம். உள்ளே பேசுவது கேட்டது.

வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: "உடம்பு வர்றதுக்கு முன்னாடி ஆன்மா எங்கே இருந்தது?"

"எங்கேயும் இல்லைங்க சார். உடம்போட சேர்ந்துதான் உண்டாகுது. ஆனா உடம்பு அழிஞ்சா அது அழியாதுன்னு சொல்றாங்க."

"நீங்க நம்பறீங்களா?"

"அவங்க வாதத்தைக் கேக்கறீங்களா, என் நம்பிக்கையைக் கேக்கறீங்களா சார்? என் ஆய்வு முதலாவதைப் பத்தித்தானுங்க."

அப்புறம் உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

அவளுடையது பெருந்துறைப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். பகலில் பனியன் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டே படித்தவள். தேறிவிட்டாள். மேற்கொண்டு முனைவர் பட்டத்துக்கும் பதியச் சொல்லிவிட்டார்கள்.

பேராசிரியர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் கண்டக்டருங்க என்றுதான் சொல்வேன். இன்றைக்கு வாயில் தானாக வந்தது:

"எஸ்தரோட ஊட்டுக்காரனுங்க."