கிடர்பூர் வாசலும் என் ஒரு வரியும்

போன வியாழக்கிழமை ஏழாவது மாடி மீட்டிங் அறைக்குள் நுழைந்தபோது ரஜனிகந்தா என்கிற சம்பங்கியின் வாசனை முகத்தில் அடித்தது. மூடிய ஏசி அறையில் அந்தப் பூ மூச்சை அடைக்கும். சுவரில் உன் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஒரு கண் பாதி மூடியிருக்கும் என்று நீ சகிக்காத அதே படம். அதன் மேல் தடித்த வெள்ளை மாலை. அடியில் உன் பெயரும், நீதான் எங்கள் வழிகாட்டி என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மழைக்காலத்தில் உன்னிடமிருந்து அந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, லிஃப்ட் வரை ஒரு காவலாளியைத் துணைக்கு அனுப்பியவர்கள்தான் இப்போது மாலை போட்டிருக்கிறார்கள்.

உனக்கு எழுத வேண்டும் என்று அப்போது தோன்றியது. டாலிகஞ்சிலேயே, வங்காளிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் நீ. அம்மாவோடும் என்னோடும் மட்டும்தான் தமிழ். நான் அனுப்பும் செய்திகளை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஷோன் டி, இதெல்லாம் வாய்ஸ்ல அனுப்பு, எனக்கு முடியல" என்பாய், 'கேள்' என்பதை மட்டும் வங்காளத்தில். இதை வாய்ஸில் சொல்ல எனக்கு முடியாது. எழுத்துக் கூட்டியே படி. எனக்கு அவசரமில்லை.

கிடர்பூர் துறைமுக வாசல் வேலை நம் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்ததும் நீதான் முதலில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாய், என்னையும் இழுத்துக்கொண்டு. சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள் தினமும் காலையில் உடல்தகுதிச் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போக முடியும். அந்தச் சீட்டில் பழைய வியாதி, புது வியாதி எல்லாம் இருக்கும். காண்ட்ராக்டரின் ஆள் அதைப் படித்துவிட்டு, டாக்டரே தகுதி என்று எழுதியிருந்தாலும், வேண்டாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவான். தகுதி உண்டு என்பது மட்டும் வாசலுக்குத் தெரிய வேண்டும், வேறு எதுவும் தெரியக் கூடாது. துறைமுகத்தார் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் ஜீரோ நாலெட்ஜ் என்று உலகம் சொல்லும் அந்தச் சங்கதியைக் கையில் எடுத்தோம்.

அங்கே ரஃபீக் என்ற தொழிலாளி நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீ இந்தியில் விளக்கினாய்.

"என் பழைய வியாதி காண்ட்ராக்டருக்குத் தெரியாதா?"

"தெரியாது பாய். வாசல்ல இருக்கிற மெஷினுக்கே தெரியாது."

"மெஷினுக்கே தெரியாம என்னை எப்படி உள்ள விடும்?"

"அதுதான் எங்க வித்தை."

"வித்தை காட்டுறவங்க எல்லாம் கடைசியில தொப்பியை நீட்டுவாங்க மேடம்" என்று அவர் சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் மேல சத்தியம், தெரியாது" என்றாய். எனக்கு அந்தச் சத்தியம் அன்றைக்கே பிடிக்கவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் சத்தியம் செய்யக் கூடாது.

வேலை நன்றாகத்தான் போனது. நாம் வாங்கிய எஸ்.டி.கே. என்ற மென்பொருள் தொகுப்பில் கடினமான கணக்கெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். விதிகளை மட்டும் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையின் கையொப்பம் சரியா, தேதி ஓராண்டுக்குள் இருக்கிறதா, முடிவு 'தகுதி' என்று இருக்கிறதா. மூன்று கேள்விகள். மருத்துவக் குறிப்பை உள்ளே கொடுத்தால், அந்த மூன்றும் உண்மைதான் என்பதற்கு ஒரு ரசீது வெளியே வரும். ரசீதில் வியாதியின் பெயர் இருக்காது. வாசல் மெஷின் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிபார்த்துப் பச்சை விளக்கைப் போடும். முதல் பச்சை விளக்கு எரிந்த அன்று நம் ஆபீஸ் இருக்கும் செக்டர் ஃபைவ் நடைபாதையில் நின்று நாம் தின்ற ஜால்முடிப் பொரியின் காரம் இன்னும் நினைவிருக்கிறது.

சரிபார்க்க ஒரு நொடி போதும். உருவாக்கத்தான் நான்கு நிமிடம். வாசலுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக் மேஜையில் ஒரு சின்னக் கணினியை வைத்து, குறிப்பு அந்த அறையை விட்டு வெளியே போகாதபடி நீ அமைத்திருந்தாய். நேற்றைய ரசீது இன்றைக்குச் செல்லாது. எனவே காலையில் ஆளுக்கு நான்கு நிமிடம். வரிசை சாலை வரை நீண்டது. காண்ட்ராக்டர் கத்தினார். நம் மேலாளர் பார்த்தோ-தா உன்னிடம் கத்தினார்.

"டெவ் மோடைப் போட்டுவிடு, உடனே வந்துவிடும்" என்றார்.

"அது டெஸ்ட் பண்றதுக்கு பார்த்தோ-தா. அதுல வர்ற ரசீது காலி. பச்சை விளக்கு எரியும், உள்ள ஒண்ணும் இருக்காது" என்றாய்.

அந்தச் சண்டையில் நீ ஜெயித்தாய். அடுத்ததில் தோற்றாய், என்னால். ரசீதை நம் சர்வரில் உருவாக்கிக்கொள்ளலாம், பத்து நொடியில் முடியும் என்று யோசனை சொன்னவள் நான். நீ என் மேஜைக்கு வந்து குனிந்து, மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கத் தமிழில் திட்டினாய்.

"ரசீதைப் பாக்கறவனுக்குத்தான் டி ஒண்ணும் தெரியாது. அதை செய்யற மெஷினுக்கு எல்லாம் தெரியும். குறிப்பைத் தூக்கி நம்ம சர்வருக்கு அனுப்பறதுக்கு எதுக்கு இந்தக் கூத்து? உன் மண்டையில மூளையா இருக்கு, ஆலு போஸ்தோக் கூட்டா?"

"நம்ம சர்வர்தானே. நாமதானே பாத்துக்கறோம்" என்றேன்.

நாம்தானே. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

சர்வர் பகுதியை எழுதியது நான். ஒருநாள் சிலருக்கு ரசீது வரவில்லை. ஏன் என்று எஸ்.டி.கே. சொல்லாது, 'உருவாக்க முடியவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். உள்ளே என்ன போகிறது என்று பார்க்க, வருகிற குறிப்பை அப்படியே, சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்பில் எழுதும்படி ஒரு வரி சேர்த்தேன். கிளினிக்கில் தேதியையும் மாதத்தையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். அரை மணியில் சரிசெய்தேன். சேர்த்த வரியை எடுக்க மறந்தேன். எதுவும் வெளியே தெரியக் கூடாது என்று கட்டிய சுவரில், உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு நானே ஒரு ஓட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த லாக் கோப்பு, எங்கே தாமதமாகிறது என்று பார்ப்பதற்காகத் தினமும் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பார்த்தோ-தா ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அங்கே ஒருவன் அதைத் திறந்து படித்தான். ரஃபீக்குக்கு இளம்வயதில் காசநோய் வந்து முழுக்கக் குணமாகியிருந்தது. மறுநாள் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது, ஒரு குறையும் இல்லாத ரசீது. காண்ட்ராக்டரின் ஆள் விளக்கைப் பார்க்கவே இல்லை. வரிசை முழுக்கக் கேட்கும்படி "டிபி" என்று கூவி அவரை வெளியே தள்ளினான்.

விசாரணைக் கூட்டத்துக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். யார் எந்த வரியைச் சேர்த்தார்கள் என்று காட்டும் பதிவில், அந்த வரியின் பக்கத்தில் என் பெயர். நீயும் பார்த்திருந்தாய், நீ திறந்து பார்த்த நேரமும் அதில் பதிவாகியிருந்தது. பார்த்தோ-தா "யார் செய்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரிலீஸ் பண்ணது நான். அப்ரூவல் என்னோடது" என்றாய். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஒரு பெயர் போதும், அவருக்கு அது கிடைத்துவிட்டது.

வாயைத் திறப்பதற்குள் என்று எழுதுகிறேன் பார், எவ்வளவு சௌகரியம். கூட்டம் அதன் பிறகு முக்கால் மணி நேரம் நடந்தது. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கீழே டீக்கடையில் மண்கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு நீ சொன்னாய்: "மூஞ்சியை அப்படி வெச்சுக்காத. உன் வீட்டுக்காரரே இப்ப வேலை இல்லாம உக்காந்திருக்கார். ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தி போனா போதும்."

"நான் போய்ச் சொல்லிடறேன் டி."

"சொன்னா உன்னோட பேசவே மாட்டேன்."

நான் டீயைக் குடித்தேன். நீ வேலையை விட்டுப் போனாய். காளி பூஜைக்கு முன் டெங்கு வந்தது. ஆறு நாள். ஐந்தாவது நாள் உன் அம்மா எனக்குப் போன் செய்து, "உன்னைக் கேக்கறா ம்மா" என்றார். நான் வந்தபோது உனக்கு நினைவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தோ-தா ஒரு அறிக்கையை என் பக்கம் தள்ளினார். துறைமுகத்தில் இரண்டாவது வாசலும் நமக்கே கிடைக்கப் போகிறது. அதற்கு முன் பழைய தவறின் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போதைய டீம் லீட் என்ற முறையில் நான் கையெழுத்திட வேண்டும். காரணம் என்ற இடத்தில், முன்னாள் லீடின் கவனக்குறைவு என்று உன் பெயரோடு இருந்தது.

"இது அவள் எழுதின வரி இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமாக. "ஓ தோ நேய்" என்றார் வங்காளத்தில், சமாதானப்படுத்துகிற குரலில். அவள்தான் இல்லையே. "இங்கே இருக்கிற ஒருவர் பெயரைப் போட்டால், அவர் ஏன் இன்னும் இங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள்."

"கேக்கட்டும்."

"உணர்ச்சிவசப்படாதே திதி."

என்னை விட மூன்று வயது மூத்தவர். காரியம் ஆக வேண்டுமென்றால் நான் திதி, அக்கா. அந்த அறையில் கத்தினேன். கண்ணாடிச் சுவருக்கு வெளியே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. மாலை வாங்கத் தெரிந்தவருக்கு ஒரு வரியைத் திருத்தத் தெரியாதா என்று கேட்டேன். பிறகு என் இடத்துக்கு வந்து, உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அந்த வரியையும், அது யார் கையால் எந்த நாளில் சேர்ந்தது என்ற பதிவையும் இணைத்தேன். சர்வரில் ரசீது செய்யலாம் என்று சொன்னது நான், லாக்கை வெளியே அனுப்பச் சம்மதித்தது அவர் என்பதையும் எழுதித் துறைமுகத்துக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன். மறுநாளே நான் லீட் இல்லை. வேலையே இருக்குமா என்று தெரியவில்லை.

இதெல்லாம் உன் மேல் எனக்குள்ள கோபத்தைக் குறைத்திருக்கும் என்று நினைக்காதே. நீ செய்ததைத் தியாகம் என்பார்கள். எனக்கு அது பிடுங்கிக்கொண்டதாகத்தான் படுகிறது. என் தப்பை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டாய். பேச மாட்டேன் என்று பயமுறுத்தி வாயை அடைத்தாய். கடைசியில் நிஜமாகவே பேசாமல் போய்விட்டாய்.

சனிக்கிழமை கிடர்பூர் போனேன். ரஃபீக் இப்போது கைவண்டி இழுக்கிறார். மூட்டை தூக்க ஆகாது என்று துரத்தப்பட்ட நெஞ்சை வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே இரும்புக் குழாய் ஏற்றிய வண்டியை. சாலையோரமாக நிறுத்திவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"இன்னொரு மேடம் வரலையா?"

சொன்னேன். வண்டியின் மரச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவை வந்தாங்க" என்றார். "தப்பு என்னோடதுன்னு சொன்னாங்க. வேற காண்ட்ராக்டர்கிட்ட எல்லாம் எனக்காகப் பேசிப் பார்த்தாங்க. ஒண்ணும் நடக்கல."

நீ இதை என்னிடம் சொல்லவே இல்லை.

"அது பொய். தப்பு அவளோடது இல்லை. என்னோடது. அந்த வரியை எழுதினது நான்" என்றேன். என் அரைகுறை இந்தியில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்குப் புரிந்தபோது முகம் இறுகியது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல் தடவை அவங்க வந்தப்போ, இதே ரோட்டுல வெச்சுத் திட்டினேன்" என்றார். "பொம்பளைகிட்ட பேசக் கூடாத வார்த்தை எல்லாம். அம்மா, அப்பா, ஒருத்தரையும் விடல. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவங்க அப்படியே நின்னுட்டு இருந்தாங்க."

"என்னைத் திட்டுங்க" என்றேன். "இப்போ. அது எனக்கு உள்ளது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இப்போ வரமாட்டேங்குது மேடம்" என்றார். "அன்னிக்கே தீர்ந்துபோச்சு."

வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ அன்று இந்தச் சாலையில் எந்த இடத்தில் நின்றாய் என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்து வரும்போது அவர் என்னென்ன வார்த்தைகள் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இந்தி கொஞ்சம்தான். பாதியைக்கூட என்னால் யோசிக்க முடியவில்லை. தெரிந்ததை மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், என் பெயரைச் சேர்த்து. மீதியை நீ கொண்டுபோய்விட்டாய்.