மும்முறை பிசகிய வாழ்த்து

நலம் பெருகுக! ஏழு மலைக்கும் அம்மலைத் தேனுக்கும் உரியவரும், பகைவரின் முதுகை மட்டுமே கண்டறிந்தவருமான மூங்கில்வரை வேந்தர் கடுங்கோவரையர் திருமுன்புக்கு, வெண்கரை நாட்டு அரசியார் பூங்கொற்றியாரின் ஆணைப்படி தலைமை அமைச்சர் அரிட்டநேமி பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீர் நாட்டில் மழை பொய்யாதிருக்க, மூங்கிலரிசி மலையாய்க் குவிக. இவ்வோலை படிக்கப்படும் வேளையில் தேவரீர் உணவருந்தி முடித்திருக்க வேண்டும் என்பதும் அமைச்சரின் வேண்டுதல்; பசித்த வயிறு சொல்லும் தீர்ப்பில் காரம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

தேவரீரின் முடிசூட்டு நாளுக்கு வாழ்த்துரைக்க வந்த எங்கள் தூதர் கொற்றந்தாதையார், அவையில் நின்று, மறைந்த தங்கள் தந்தையார் நெடுங்கோவரையரின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார் என்று தங்கள் ஓலையால் அறிந்தோம். பிசகிய சொல்லை மும்முறை கேட்பதும், மூன்றாம் முறையும் திருத்தாதவன் வேண்டுமென்றே சொன்னான் எனக் கொள்வதும் மூங்கில்வரையின் தொன்மரபு. தாதையாரோ மூன்று முறையும் அதே பெயரை, முன்னதைவிட உரக்கவே சொன்னாராம். தங்கள் முடியை வெண்கரை ஏற்கவில்லை எனத் தேவரீர் முடிவுசெய்து, வரும் முழுநிலா நாளில் அவரை யானைக்காலில் இடுவதாக அறிவித்தது மரபின்படி சரியே. ஆனால் பிழை தாதையாருடையது அன்று. இவ்வோலை எழுதும் அமைச்சருடையது.

தாதையாரின் மறதியை ஓராண்டாகவே அமைச்சர் கண்டிருந்தார். முத்திரை மோதிரத்தை வெற்றிலைச் செல்லத்தில் வைத்துவிட்டு அரண்மனை முழுதும் தேடியவரும், ஒரே கதையை ஒரே விருந்தில் நான்கு முறை சொன்னவரும் தாதையார். நான்காம் முறையும் அவையோர் சிரித்தனர், அமைச்சரும் சிரித்தார். நாற்பதாண்டு நண்பரிடம் இனி நீர் வீட்டிலிரும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தைப் பாசம் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார்.

தங்கள் ஓலை வந்த பின்னரே மருத்துவி நாகங்கண்ணியாரை அழைத்தார். இத்தகைய மறதிநோயில் இறந்தோரின் மூளையை உருப்பெருக்கும் பளிங்குக் கண்ணாடியால் ஆராய்ந்த அவ்வம்மையார் கூறியது இது: தலைக்குள்ளே புரதம் எனும் நுண்ணிழைகள் நாள்தோறும் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். சில பிசகி மடியும். அவற்றை அகற்றும் துப்புரவுப் பணியும் உள்ளேயே நடக்கும். முதுமையில் அப்பணி தளரும்போது, பிசகியது தன் அண்டையில் உள்ளதையும் தன்னைப்போலவே பிசகச் செய்து ஒட்டிக்கொள்ளும். கேழ்வரகுக் கூழில் கட்டி விழுந்தால் துடுப்பைச் சுழற்றச் சுழற்ற அது பருப்பதுபோல் இதுவும் பருக்கும். கட்டிகள் பெருகும் இடத்தில் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்தி, பின் இறக்கின்றன. முழுப் பழியும் கட்டிகளுக்கேயா என அமைச்சர் கேட்டதற்கு, அதை அறுதியிட்டுச் சொல்லும் அளவுக்குத் தாம் இன்னும் கற்கவில்லை என்றும், கரைக்கும் மருந்தும் தம்மிடம் இல்லை என்றும் அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். இது ஒட்டுவாரொட்டி அன்று என்றும் உறுதி கூறினார். ஆகவே சிறைக்காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு வைக்கத் தேவையில்லை.

புதிய நினைவைப் பதிக்கும் இடமே பெரும்பாலும் முதலில் பழுதாகுமாம். பழையன நெடுநாள் நிற்குமாம். தாதையாருக்குத் தேவரீர் முடிசூடியது பதியவில்லை. தங்கள் தந்தையாரோடு இளமையில் ஆற்றில் குதித்தது பதிந்திருக்கிறது. தங்கள் ஓலையைக் கொணர்ந்த வீரன் ஒன்றைத் தெரிவித்தான்: நெடுங்கோ எங்கே எனத் தாதையார் நாள்தோறும் காலையில் கேட்கிறாராம், இறந்துவிட்டார் எனக் காவலர் சொல்ல, அப்போதுதான் முதன்முறை கேட்டவராய் மார்பில் அறைந்துகொண்டு அழுகிறாராம். வேந்தே, தங்கள் தந்தையாருக்காக இன்றும் இழவு கேட்ட அன்றுபோல் அழும் மனிதர் இவ்வுலகில் ஒருவரே இருக்கிறார். அவரையே தேவரீர் யானைக்காலுக்குக் குறித்திருக்கிறீர்.

ஆகவே எங்கள் அரசியார் ஆணையிட்டது யாதெனில்: இவ்வோலைக்குப் பின்னாலேயே அரிட்டநேமி புறப்பட்டு வந்து, தேவரீர் அவையில் தேவரீரின் பெயரைச் சொல்லி மும்முறை வாழ்த்துவார், மரபு ஓர் உயிரைக் கேட்டே தீருமெனில், அறிந்தே நோயாளியை அனுப்பிய தம் உயிரைத் தருவார், தேவரீர் தாதையாரை விடுவித்து அவர் மனைவியார் கையில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். கடல் கரையைத் தொடும் நாளெல்லாம் இந்நட்பு நிலைக்க. இது அரசியாரின் சங்கு முத்திரை.

முத்திரைக்குக் கீழே அமைச்சர் தம் கையால் எழுதியது: வந்து சேர மூன்று நாளாகும். அதுவரை காலையில் தாதையார் கேட்டால், நெடுங்கோ ஆற்றுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லச் சொல்லுங்கள்.